மூன்றாம் நம்பர் டிரைவ்

ஜூன் 5, வியாழன்

ஆறு மாதம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன பிறகு இன்று உதிரி டிரைவ் வந்து சேர்ந்தது. நான் கேட்டது இரண்டு. வந்தது ஒன்று. "ஒரு நேரத்துல ஒண்ணுதான மேடம் கெடும், எதுக்கு ரெண்டு?" என்று மேனேஜர் நம்பிராஜன் கேட்டாரே ஒரு கேள்வி. அது கெடுவதற்கு முன்னால் அவரிடம் வந்து அனுமதி கேட்டுக்கொண்டா கெடும்?

ஒன்பது வருடத்தில் இந்த ஸ்கேன் சென்டருக்கு வந்துபோன அத்தனை பேருடைய மண்டையும் முதுகெலும்பும் வயிறும் அந்த ஒரு சர்வருக்குள் படமாகக் கிடக்கின்றன. பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. உள்ளே ஆறு டிரைவ். ஒன்று செத்தால் மீதி ஐந்தும் சேர்ந்து சமாளிக்கும். இரண்டு போனால் எல்லாம் போச்சு. இதை நம்பிராஜனுக்கு விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தலையை ஆட்டுவார். அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து கேட்பார்.

உதிரியை அலமாரியில் வைத்துப் பூட்டுமுன் சர்வரை ஒரு தடவை துடைத்தேன். அந்த ஸ்டிக்கர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்பெனிக்காரன் டிரைவ் மாட்டும் இடங்களுக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை நம்பர் போட்டு அனுப்பினான். சர்வருக்குப் பூஜை போட்ட அன்றைக்கு, சென்டர் முதலாளியான பெரிய டாக்டர் கூட்டிவந்த நம்பர் ஜோசியர், எடுத்த எடுப்பில் பூஜ்யமா என்று முகத்தைச் சுளித்தாராம். "மொய்யே நூத்தியொண்ணுன்னு எழுதுத ஊரு மேடம் இது, பூஜ்யத்துலயா ஆரம்பிக்கது?" என்று நம்பிராஜன் என் மேசைக்கு வந்துவிட்டார். நான்தான் அச்சடித்தேன். ஒன்று முதல் ஆறு வரை பழைய நம்பருக்கு மேலேயே நான்தான் ஒட்டினேன். ஆனால் கம்ப்யூட்டருக்கு ஜோசியம் தெரியாதே. அது இன்றைக்கும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுகிறது. அது சொல்லும் நம்பரோடு ஒன்றைக் கூட்டினால் ஸ்டிக்கர் நம்பர். இது எனக்கு மட்டும் தெரியும். வேறு யாருக்கும் சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை.

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஒரு மாதிரி உறுமுகிறது. இவரிடம் சொன்னேன். "பாப்போம்" என்றார். எதைத்தான் பார்த்திருக்கிறார்.

ஜூன் 7, சனி

நாளைக்கு இவர் ஊர்ச் சர்ச்சின் பிரதிஷ்டைப் பண்டிகை, கோயிலில் அசனம். ஊருக்கே பந்தி போட்டுச் சாப்பாடு. போன வருடம் போகவில்லை, அதற்கு முந்தின வருடமும் போகவில்லை. இரண்டு தடவையும் சர்வர்.

லீவு சொல்லப் போனால் நம்பிராஜன், "நாளைக்கு ஞாயித்துக்கெழமதான மேடம், லீவு எதுக்கு?" என்றார். எதுக்கா? ஒன்பது வருடத்தில் என் போன் அடிக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். "நாளைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. ஏறட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

கூப்பிட்டார்.

பன்னிரண்டரை மணி. முதல் பந்தி உட்கார்ந்து நான் சோற்று வாளியோடு இறங்கியாயிற்று. "மேடம், சர்வர் ரூம்ல கீ கீன்னு கத்துது, ரிசப்ஷன் வரைக்கும் கேக்கு. பேசண்ட்டெல்லாம் என்னமோ ஏதோன்னு எந்திரிச்சு நிக்காங்க." கத்தாமல் என்ன செய்யும்? ஒரு டிரைவ் செத்துவிட்டது. என் போனுக்கும் செய்தி வந்திருந்தது, டிரைவ் மூன்று என்று. ஆறும் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்று போனால் இன்னொன்றும் கிளம்பும். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. திங்கட்கிழமை வரை விடக் கூடாது என்று நினைத்தேன்.

டியூட்டியில் இருந்தது எலெக்ட்ரீஷியன் ஆவுடையப்பன் அண்ணாச்சி. பதினேழு வருடமாக அங்கே இருக்கிறார். நான் டிரைவ் மாட்டும்போதெல்லாம் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர். அவர் போனுக்கே அடித்து, அலமாரிச் சாவி இருக்கிற இடத்தைச் சொல்லி, உதிரியை எடுத்து மாட்டச் சொன்னேன். கொண்டியை அமுக்கிப் பழையதை உருவ வேண்டும், புதியதைச் சட்டத்தில் முடுக்கி உள்ளே தள்ள வேண்டும், அவ்வளவுதான். நம்பரைச் சரியாகச் சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

பிறகு நிம்மதியாக இரண்டு பந்தி பரிமாறினேன். கறி நன்றாக இருந்தது. சாம்பாரில் மட்டும் உப்பு கூட.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மறுபடி போன். ஒரு ஸ்கேனும் திறக்கவில்லையாம். பழையது, புதியது, எதுவுமே. என்ன செய்து தொலைத்தார்களோ. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் இல்லையென்றால் இந்த லட்சணம்.

ஜூன் 9, திங்கள்

காலை ஆறரைக்கே போய்விட்டேன்.

கதவைத் திறந்ததும் விளக்குகளைத்தான் பார்த்தேன். நாலாம் ஸ்டிக்கரில் மஞ்சள், செத்த டிரைவ் அங்கேயே இருக்கிறது. மூன்றாம் ஸ்டிக்கரில் புது டிரைவ். மூன்றிலிருந்து உருவிய நல்ல டிரைவை ஒரு சுத்தமான துணி விரித்து மேசை மேல் பத்திரமாக வைத்திருந்தார்கள். மறுபடி ஒரு தடவை ஸ்டிக்கரைப் பார்த்தேன். பிறகு வேலையை ஆரம்பித்தேன். வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது யோசித்துக்கொண்டா நிற்க முடியும்?

செத்தது ஒன்று, உருவியது ஒன்று. இரண்டு போய்விட்டால் சர்வருக்கு எதுவும் நினைவில்லை. உருவியதை அதன் இடத்தில் திரும்ப மாட்டி, இது உன்னுடையதுதான் என்று சர்வரை நம்பவைக்க வேண்டும். அது கேட்கிற கேள்விக்கு ஒரு பதிலை மாற்றித் தட்டினால் ஒன்பது வருடமும் வெள்ளைத்தாள். ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தடவை படித்துத்தான் தட்டினேன்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். "மேடம், நீங்க சொன்ன நம்பரத்தான் நான்…" என்று ஆரம்பித்தார். "அப்புறம் பேசலாம் அண்ணாச்சி, இப்ப என்ன விடுங்க" என்றேன். சாயந்திரம் பார்த்தேன், ஆளைக் காணோம்.

வெளியே ஜனங்கள் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அம்மா தென்காசியிலிருந்து பழைய ஸ்கேனை வாங்க வந்து, நாளைக்கு ஆபரேஷன் என்று அழுகிறாள். நம்பிராஜனோ பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து, "ஆச்சா மேடம்?" என்கிறார். ஆகிவிட்டால் சொல்ல மாட்டேனா?

ஜூன் 10, செவ்வாய்

வந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் படம் திறந்தது. யாரோ ஒருவருடைய முழங்கால். அதைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் வெளியே ஒரு பெட்டிக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்ததில் பதினோரு பேருடைய படம் மட்டும் தேறவில்லை. அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு மறுபடி எடுக்க வேண்டும். அதில் ஒருவர் எண்பது வயதுக்காரர். அவரை மறுபடி தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

பெரிய டாக்டர் முதல் தடவையாகச் சர்வர் ரூமுக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கைகட்டி நின்று பார்த்தார். "நீங்க இல்லைன்னா என்னம்மா ஆகியிருக்கும்" என்றார். வெளியே போகும்போது நம்பிராஜனிடம், "தொடத் தெரியாதவன் ஏன் தொட்டான்?" என்றது என் காதில் விழுந்தது.

சாயந்திரம் தெரிந்தது, ஆவுடையப்பன் அண்ணாச்சியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்களாம். விசாரணை இல்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினேழு வருடம் உழைத்த மனிதரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். என்ன நியாயம் இது? இந்த ஊரில் கழுத்தில் டை கட்டியவன் தப்பே செய்ய மாட்டான், கையில் டெஸ்டர் வைத்திருப்பவன்தான் செய்வான்.

ஜூன் 11, புதன்

என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் ரிப்போர்ட் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். "டிரைவ் ஒன்று பழுதானது. அதை மாற்றும்போது பணியிலிருந்த எலெக்ட்ரீஷியன் தவறான டிரைவை அகற்றியதால் சர்வர் செயலிழந்தது." ஒரு வார்த்தை பொய் இல்லை. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கட்டும்.

"சுருக்கமா நச்சுன்னு இருக்கு மேடம்" என்று நம்பிராஜன் பாராட்டினார். அவர் பாராட்டு யாருக்கு வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

மோட்டார் ஓடவே இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து பன்னிரண்டு குடம்.

ஜூன் 13, வெள்ளி

செத்த பிறகு வைத்தியம் பார்ப்பதில் எங்கள் நிர்வாகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு உதிரிக்கு ஆறு மாதம் இழுத்தவர்கள், மூன்றே நாளில் ஆறு புது டிரைவ் வரவழைத்துவிட்டார்கள். அதோடு உதிரி இரண்டு.

காலையிலிருந்து மாட்டினேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும் என்பதை இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன். உறையைக் கிழித்ததும் வரும் அந்தப் புது வாசனை. கையில் நல்ல கனம். சட்டத்தில் வைத்து நாலு ஓரமும் திருகு போட வேண்டும். ஒரேயடியாக முடுக்கிவிடாமல், நாலையும் லேசாகப் பிடிக்கவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அப்புறம் உள்ளே தள்ளி, கொண்டியை மடக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். அது வந்தால்தான் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அரை நிமிடத்தில் பச்சை.

நாலாவதை மாட்டும்போது ஒரு திருகு கை தவறிச் சர்வருக்கு அடியில் உருண்டுவிட்டது. "அண்ணாச்சி, டார்ச்ச இங்கன காட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். பின்னால் யாரும் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் குப்புறப் படுத்துத் தேடி எடுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜூன் 14, சனி

பொன்னாடை போர்த்தினார்கள்.

யாரிடம் போய்ச் சொல்ல? காலை பத்து மணிக்கு எல்லாரையும் ரிசப்ஷனில் கூட்டிவைத்து, பெரிய டாக்டர் பேசி, நம்பிராஜன் பேசி, லேப் பெண்கள் கை தட்டி, ஜரிகை போட்ட ஒரு சிவப்புச் சால்வையை என் தோளில் போட்டு, போட்டோ வேறு. "ஒரு பணியாளரின் கவனக்குறைவால் நேரவிருந்த பேரிழப்பை, உணவும் உறக்கமும் மறந்து தடுத்த நமது ஹெப்சிபா மேடம்" என்று நம்பிராஜன் தாளைப் பார்த்து வாசித்தார். கவனக்குறைவாம். அவருக்கு ஒரு பீஸ் கட்டை மாற்றத் தெரியுமா? ஆவுடையப்பன் அண்ணாச்சியின் கவனத்தைப் பற்றி இவர் பேசுகிறார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நானும் சிரித்துத்தான் நின்றிருக்கிறேன், போட்டோவில் தெரிகிறது. பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். நாசரேத்தில் இருக்கும் சித்தி வரை வாழ்த்துச் சொல்லியாயிற்று.

சால்வையை பீரோவில் வைக்க மனமில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் இவர் ஆரம்பித்தார். "மோட்டாருக்கு ஆவுடையப்பனக் கூப்பிட்டா என்ன? போன தடவயும் அவருதான சரி பண்ணிக் குடுத்தாரு."

"அவர சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்றேன்.

"எதுக்கு?"

சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, பள்ளிக்கூட வாத்தியார் புத்தி போகுமா, "போன்ல நீ என்ன சொன்ன?" என்றார்.

"நம்பரச் சொன்னேன்."

"அவரு ஒண்ணும் கேக்கலயா?"

அவர் ஏதோ கேட்டார்தான். அங்கே இருந்த சத்தத்தில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அசனப் பந்தியில் எழுநூறு பேருக்கு நடுவே நின்றவளுக்கு என்ன கேட்கும்? இதை இவரிடம் சொன்னேன். "நானும் பக்கத்துலதான நின்னேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம். வாளி தூக்கினது நான், இலை போட்டது நான், இவர் பக்கத்தில் நின்றாராம். என் வேலையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

வெள்ளிக்கிழமை விசாரணையாம். பெயருக்குத்தான் விசாரணை. வேலை நீக்க உத்தரவைத் தட்டச்சு செய்தே வைத்துவிட்டார்கள். நம்பிராஜன் காட்டினார். "அனுமதியின்றிச் சர்வரைத் தொட்டு நிறுவனத்துக்குச் சேதம் விளைவித்தவர்." இந்தத் தாளை வைத்துக்கொண்டு அந்த மனிதர் திருநெல்வேலியில் எந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியும்? ஐம்பத்தி மூன்று வயதுக்கு மேல் இனி எங்கே போய் நிற்பார்?

"அனுமதி இல்லாமன்னு எப்படி சார் எழுதுவீங்க? நான்தான போன்ல சொன்னேன்" என்றேன். இந்த அளவுக்காவது வாயைத் திறந்தேன்.

"நீங்க சரியான நம்பரத்தான சொன்னீங்க? அவன் வேறத உருவிட்டான். அப்போ அது அனுமதி இல்லாமத் தொட்டதுதான மேடம்?"

'ம்' என்றேன்.

"சாட்சி கையெழுத்து ஒண்ணு நீங்க போடணும்" என்றார். வெள்ளிக்கிழமை போடுகிறேன் என்று வந்துவிட்டேன்.



ஜூன் 18, புதன்

காதில் விழுந்தது. அவர் கேட்டது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

ஜூன் 19, வியாழன்

மத்தியானம் அரை நாள் லீவு போட்டு தச்சநல்லூருக்குப் போனேன். அவர் வீட்டைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். மனைவி பேச்சியம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கன்னு சொல்ல எனக்கு மனசில்ல. வந்துட்டீங்க, உள்ள வாங்க" என்றாள்.

அண்ணாச்சி ஒரு பழைய டேபிள் ஃபேனைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையைத் தேடினார். அது எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"பதினேழு வருசம் மேடம்" என்று பேச்சியம்மாள்தான் பேசினாள். "இவுக கையால ஒருத்தருக்கு ஒரு ஷாக்கு அடிச்சதில்ல. இப்ப சோத்துல கைய வெச்சுக்கிட்டு, மூணத்தான உருவுனேன், மூணத்தான உருவுனேன்னு பொலம்புதாக. அந்தப் பேச்சு பூரா போன்ல பதிவாகிக் கெடக்கு. கொண்டுபோய் அந்த டாக்டர்ட்ட போட்டுக் காட்டுங்கன்னு நானும் பத்து நாளாத் தொண்ட கிழியக் கத்துதேன். கேக்காகளா?"

"ஏ, கொஞ்சம் சும்மா இரேன்" என்றார் அவர்.

பதிவாகியிருக்கிறதா என்று கேட்டேன். அவருடைய போன் பழையது, எல்லாப் பேச்சையும் தானாகவே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். கேட்கவேண்டும் என்றேன். வேண்டாம் மேடம் என்றார். பேச்சியம்மாள் போனை அவர் கையிலிருந்து பிடுங்கித் தட்டிவிட்டாள்.

கேட்டதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன். இதையாவது ஒழுங்காக எழுதுகிறேன்.

"மேடம், மூணுலயா? மூணுல பச்சல்லா எரியுது. நாலுலதான் மஞ்சக் கெடக்கு."

"லைட்டெல்லாம் நீங்க பாக்க வேண்டாம் அண்ணாச்சி. மூணுன்னா மூணு."

"இல்ல மேடம், இந்த ஸ்டிக்கர்ல உள்ள மூணுதானா? நீங்க வேணா வந்த பொறவு…"

"நான் இங்க பந்தியில நிக்கேன். வந்து பாக்கவா முடியும்? ஒங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? சொன்னதச் செய்ங்க."

"சரி மேடம்."

அதோடு முடியவில்லை. போனை வைக்குமுன் நான் யாரிடமோ, "இந்த வரிசைக்குச் சாம்பார் வரல பாருங்க" என்று சொல்கிறேன். தெளிவாகக் கேட்கிறது. சத்தம் சத்தம் என்று எழுதினேனே, அப்படி ஒரு சத்தமும் அங்கே இல்லை.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தெரியாததால் கோபப்பட்டேன். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து அவர் மேலேயே கோபப்பட்டேன். "இத வெச்சுக்கிட்டு ஏன் அண்ணாச்சி சும்மா இருந்தீங்க? அன்னைக்கே போட்டுக் காட்டியிருக்க வேண்டியதுதான?"

அவர் ஃபேனின் இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் மேடம்."

அவ்வளவுதான் சொன்னார். இவருக்கு யார் இந்தப் பெருந்தன்மையைக் கேட்டது? ஒரு நாள் கத்தியிருக்கலாமே, நாலு பேர் முன்னால் போனைப் போட்டு என் மானத்தை வாங்கியிருக்கலாமே. நானும் அதற்காக அவரைத் திட்டித் தீர்த்துவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பேன். இப்படியா ஒரு மனிதர் காத்துக்கொண்டிருப்பார்?

அந்தப் பதிவை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பேச்சியம்மாள் காப்பி கொடுத்தாள். சீனி போட மறந்திருந்தாள். வேண்டுமென்றே மறந்தாளோ என்னவோ. குடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பெரிய டாக்டர் அறை. அவர், நம்பிராஜன், நான். ஆவுடையப்பன் அண்ணாச்சியை மட்டும் நிற்கவைத்திருந்தார்கள். மூன்று நாற்காலி காலியாகக் கிடக்கிறது, நிற்கவைத்திருக்கிறார்கள். "உக்காருங்க அண்ணாச்சி" என்று நான் சொன்னேன். நம்பிராஜன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சாட்சிக் கையெழுத்துக்காகத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"என் ரிப்போர்ட்ல ஒரு வரி விட்டுப்போச்சு சார்" என்று டாக்டரிடம் சொல்லி, போனை மேசையில் வைத்துப் போட்டேன். முழுதும் போட்டேன், சாம்பார் வரைக்கும்.

ஓடி முடிந்ததும் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நான் விளக்கினேன். கம்ப்யூட்டர் மூன்று என்றால் ஸ்டிக்கரில் நாலு. அது தெரிந்த ஒரே ஆள் நான். மறந்துபோனது நான். அவர் சரியாகப் பார்த்துச் சரியாகக் கேட்டார், நான் அதட்டினேன். திங்கட்கிழமை கதவைத் திறந்ததுமே எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த ரிப்போர்ட்டை எழுதினேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ ஸ்டிக்கரை மாத்தச் சொன்னதுதான் காரணம்னு சொல்ல வர்றீங்களா?" என்றார். பாருங்கள், அவருக்கு அதுதான் கவலை. பதினோரு பேரை மறுபடி படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தது இல்லை, ஒரு மனிதரைப் பத்து நாள் வீட்டில் உட்காரவைத்தது இல்லை, ஜோசியர் பெயர் கெட்டுவிடக் கூடாது.

"ஸ்டிக்கர ஒட்டுனது நான் சார். முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

நம்பிராஜன் தாழ்ந்த குரலில், "மேடம், எதுக்கு மேடம் இதெல்லாம்? பொன்னாட போத்தி போட்டோவும் போட்டாச்சு. வெளிய தெரிஞ்சா நமக்குத்தான அசிங்கம். அவனுக்கு வேற ஏதாவது பாத்துச் செய்வோம். நீங்க அத டெலீட் பண்ணிருங்க" என்றார்.

அவன். அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், அவன்.

"ஒம்பது வருசமா இங்க எதுவும் அழியாமப் பாத்துக்கிடதுதான் சார் நீங்க எனக்குக் குடுத்த வேல" என்றேன். "நீங்க அவரத் திரும்ப வேலைக்கு எடுக்கலன்னா இத ஸ்டாஃப் குரூப்புல நானே போடுவேன். அந்தப் பொன்னாடை போட்டோவுக்கு நேர் கீழேயே போடுவேன்."

குரல் அறைக்கு வெளியே வரை கேட்டிருக்கும். கேட்கட்டும். இத்தனை நாள் யார் யார் மேலோ பட்ட கோபத்துக்கெல்லாம் இன்றுதான் ஒரு உபயோகம் வந்தது.

வேலை நீக்கத் தாளை டாக்டர் கிழிக்கவில்லை. மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். ஆவுடையப்பன் திங்கட்கிழமை வரலாம். எனக்கு மெமோ. சர்வர் ரூம் சாவி இனி நம்பிராஜனிடம் இருக்கும், நான் கேட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஸ்டெப்ளர் பின் மாற்றத் தெரியாத மனிதரிடம் சர்வர் ரூம் சாவி. சரி, கொடுத்தேன்.

ஜூன் 21, சனி

ஸ்டிக்கர் ஆறையும் பிய்த்துவிட்டேன். சாவிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன், ஸ்டிக்கரைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. பசை போகத் தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்க்கவேண்டியிருந்தது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். தெரிந்தால் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று அவரோடும் ஒரு சண்டை.

ஜூன் 23, திங்கள்

அண்ணாச்சி வந்துவிட்டார். எப்போதும்போல எட்டரைக்கே வந்து, ஜெனரேட்டரில் டீசல் பார்த்து, வராண்டாவில் எரியாத இரண்டு டியூப்லைட்டை மாற்றியாயிற்று. லேப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று விசாரித்தார்கள். என்னைக் கண்டதும் கலைந்து போனார்கள். போகட்டும், அது எனக்கு வேண்டியதுதான்.

ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், "அண்ணாச்சி, என்ன மன்னிச்சிருங்க" என்றேன். இருபது வருடத்தில் யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை. ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும் மேடம். பன்னெண்டு நாள்ல சொல்லிட்டீங்கல்லா" என்றார். குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனதாரத்தான் சொன்னார்.

மத்தியானம் சர்வர் ரூமுக்குப் புது யு.பி.எஸ். இணைக்க வேண்டும். சாவிக்கு நம்பிராஜனிடம் கையெழுத்துப் போட்டு, அவர் போன் பேசி முடிக்கும்வரை கால் மணி நேரம் நின்று வாங்கினேன். அண்ணாச்சி சுவிட்ச் போர்டைத் திறந்து நின்றார். "ரெண்டாவது பிரேக்கர இறக்கிருங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் கை போர்டு பக்கம் போய் நின்றது. இறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். புது நோட்டு, முதல் பக்கம்கூட எழுதவில்லை.

"கோவப்படாதீங்க மேடம். எத இறக்கணும்னு இதுல ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க."

வாங்கி எழுதினேன். தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, பிரேக்கரை இறக்கினார்.